பெட்டியும் வயிறும்: லங்காவி நெடும்போட்டிக்குப் புறப்படும் முன்

நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் மாதக்கணக்கில் பழகிவிட்டீர்கள். இனி இரண்டு வேலைகள் பாக்கி. சைக்கிளைச் சேதமில்லாமல் போட்டி நடக்கும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றையும் அப்படியே கொண்டுபோக வேண்டும். இரண்டாவதுதான் கடினம். கால் தளர்ந்து பாதியில் நின்றவர்களைவிட வயிறு புரண்டு நின்றவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த அத்தியாயத்துக்கு மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியை எடுத்துக்கொள்கிறேன். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். மொத்தமாக 17 மணி நேரம் தருவது வழக்கம். கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவு அது. நம் வரலாற்றாசிரியர்கள் கடாரம் என்று அடையாளம் காண்பது அந்தக் கெடாவைத்தான். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், அங்கிருந்து தீவுக்கு இன்னொரு மணி நேரம் பறக்க வேண்டும். வெக்கையும் ஈரப்பதமும் நம் கடற்கரை ஊர்களைப் போலவே இருக்கும். முதல் நெடும்போட்டிக்கு நம்மவர்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீழே வரும் சர்க்கரை, உப்பு அளவுகளை மருத்துவரிடம் காட்டாமல் பின்பற்ற வேண்டாம்.

## பத்து வாரம் முன்பு: வியர்வையை அளந்துகொள்ளுங்கள்

ஒருவருக்குச் சரியாக வரும் அளவு பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துவராது. உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும்.

1. வெயில் ஏறிய நேரத்தில், போட்டியில் போக நினைக்கும் வேகத்தில் 1 மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள்.
2. புறப்படும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, ஆடையில்லாமல் எடை பாருங்கள்.
3. வழியில் குடிப்பதை அளந்து குடியுங்கள்.
4. திரும்பியதும் உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள்.
5. குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் ஒரு மணி நேர வியர்வை.

உதாரணமாக, 70 கிலோ 69.5 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை 1 லிட்டர். அப்படியென்றால் மணிக்கு 700 முதல் 800 மி.லி. குடித்தால் போதும். போனது முழுவதையும் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். இதையே ஓடியும் ஒருமுறை அளந்து பாருங்கள், எண் மாறும். கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிகிறவர்கள் உப்பை அதிகம் இழக்கிறவர்கள் என்று கொள்ளலாம்.

## வயிற்றுக்கும் பயிற்சி

தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான். உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிக்குத்தான் வரும். 180 கி.மீ. மிதிக்கவே அது பத்தாது. மீதியை ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும். குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் குடல் வாங்காது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 90 கிராம் வரை ஏற்கும். நம் வீட்டு வெள்ளைச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதி. விலை உயர்ந்த பவுடருக்குக் கையில் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஆனால் பழகாத குடல் 40 கிராமைக்கூடத் திருப்பி அனுப்பும். எனவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்திலும், அது ஈசிஆரில் மாமல்லபுரம் போய்வருவதானாலும் சரி, மணிக்கு 30 கிராமில் தொடங்கி வாரம் 10 கிராம் கூட்டிக்கொண்டே போங்கள். 70 கிராமில் நிறுத்தி, கடைசி நான்கு வாரம் அதையே பழகுங்கள்.

வீட்டுக் கரைசல்: 750 மி.லி. தண்ணீர், 70 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. ஒன்றரை கிராம் உப்பென்றால் கால் டீஸ்பூன் தலைதட்டி, அதில் சோடியம் சுமார் 600 மி.கி. இந்த ஒரு பாட்டில் 1 மணி நேரத்துக்கு.

அடிக்கடி நடக்கும் தவறு: பயிற்சியில் தண்ணீரையும் கடலை மிட்டாயையும் வைத்து ஒப்பேற்றிவிட்டு, போட்டியில் ஜெல்லுக்கு மாறுவது. என் முதல் நெடும்போட்டியில் கண்காட்சி அரங்கில் இலவசமாகக் கொடுத்த புது ஜெல்லை, எடை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டேன். 110-வது கி.மீ.யில் அடிவயிறு இறுகியது. மூன்று முறை கழிப்பறை தேடி இறங்கினேன். ஓட்டத்தின் பாதியை நடந்தேன். அன்றிலிருந்து, வாயில் வைத்துப் பழகாத எதுவும் என் பையில் ஏறுவதில்லை.

## பயணத் தேதியும் காகிதங்களும்

1. போட்டி சனிக்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமையே போய் இறங்குங்கள், தவறினால் புதன். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் அவகாசம் இருக்கும்.
2. கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியர்களுக்கான விசா விலக்கு அவ்வப்போது நீட்டிக்கப்படுகிறது. டிக்கெட் போடும் அன்றே நிலவரத்தைப் பாருங்கள்.
3. மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள்.
4. கோலாலம்பூரில் விமானம் மாற 4 மணி நேரம் விடுங்கள். அங்கே முனையங்கள் இரண்டு. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியிருந்தால் பெட்டியோடு ரயில் பிடிக்க வேண்டும். இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது.
5. சைக்கிள் பெட்டிக்கு முன்பதிவும் கட்டணமும் தனி. எந்த விமானமானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. டிக்கெட் எடுத்த கையோடு இதற்கும் பணம் கட்டுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் தொகை எகிறும்.

நேர வித்தியாசம் இரண்டரை மணிதான், என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே நீச்சல் காலை ஏழரைக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலரைக்குச் சாப்பிட வேண்டும். அப்போது நம் ஊரில் மணி இரவு 2! அந்த நேரத்தில் வயிறு எதையும் வாங்காது. காலையில் மலம் கழிவதும் தள்ளிப்போகும். அதனால் புறப்படுவதற்கு 5 நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னதாகத் தூங்கி, முன்னதாக எழுந்து, முன்னதாகச் சாப்பிடுங்கள். ஐந்து நாளில் இரண்டரை மணி நேரமும் சரியாகிவிடும்.

## சைக்கிளைப் பெட்டியில் கட்டுதல்

இரவு பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலையல்ல இது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, பகலில், கடைக்காரரையோ நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒருமுறை வீட்டிலேயே கழற்றிப் பூட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

1. எதையும் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஹேண்டில்பாரில் கேபிள் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கிட்டத்தில் எடுங்கள்.
2. சீட் போஸ்ட் சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உயரம் 5 மி.மீ. மாறினாலும் 180 கி.மீ.யில் முழங்கால் சொல்லும்.
3. பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைப் பிய்த்தவர்கள் உண்டு.
4. பின் டீரெய்லரைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, பழைய துணியில் சுற்றி, பின் முக்கோணத்துக்குள் கட்டுங்கள். விமானத்தில் முதலில் வளைவது இந்த இடம்தான்.
5. சக்கரங்களை எடுத்ததும், டிஸ்க் பிரேக்காக இருந்தால், பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகுங்கள். தவறிக் கைப்பிடியை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும்.
6. ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே முட்டு கொடுங்கள். சைக்கிள் கடையில் புது வண்டிகளோடு வரும் பிளாஸ்டிக் முட்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள்.
7. ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறையை வாங்கி, சட்டத்தின் ஒவ்வொரு குழாய்க்கும் மாட்டுங்கள்.
8. டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். முழுவதும் இறக்கினால் ரிம்முக்குப் பாதுகாப்பு இல்லை.
9. கழற்றிய திருகுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுச் சட்டத்தோடு ஒட்டுங்கள். ஆலன் கீயும் சிறிய டார்க் ரெஞ்சும் அதே பெட்டியில் போகட்டும். கார்பன் பாகங்களைக் கைக்கணக்கில் முறுக்கினால் விரிசல் விடும்.

எதை ஏற்றக் கூடாது: காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. சிறிய கைப் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வேண்டுமென்றால் போட்டிக் கண்காட்சியில் வாங்குங்கள். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி ஆகியவை கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் வைக்கக் கூடாது.

கைப்பையில் கட்டாயம்: ஓடும் ஷூ, சைக்கிள் ஷூ, பெடல், நீச்சல் கண்ணாடி, போட்டி உடை, மருந்து. பெட்டி வராவிட்டால் சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம். பழகிய ஷூ எங்கும் வாடகைக்குக் கிடைக்காது. ஜெல்லைத் திரவமாகத்தான் கணக்கிடுவார்கள். அதனால் அதெல்லாம் பெரிய பெட்டிக்கு.

சர்க்கரையை இங்கிருந்து சுமக்காதீர்கள். அங்கே எந்த மளிகைக் கடையிலும் 'குலா' என்று கேட்டால் கொடுப்பார்கள். உப்பு வேண்டுமென்றால் 'காராம்'. நம் காதுக்குக் காரம் என்றே கேட்கும், குழம்பிவிடாதீர்கள். காரம் வேண்டாம் என்பதற்கு 'தக் நக் பெடாஸ்'. எடுத்துப்போக வேண்டியது ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. சதுர மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் ஒன்றும் வேண்டும், நம் ஊர் பிளக் அங்கே நுழையாது.

## இறங்கிய பிறகு

சைக்கிளை அன்றே பூட்டி, மறுநாள் காலை 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். கியர் தாவினால் கண்காட்சியில் இருக்கும் மெக்கானிக்கிடம் வியாழனே போங்கள், வெள்ளிக்கிழமை வரிசை நீளும். ஒருமுறை போட்டிக் கடலில் அதே நேரத்தில் நீந்திப் பாருங்கள். மீதி நேரம் நிழலில் உட்காருங்கள். கேபிள் கார், படகுச் சவாரி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

சாப்பாட்டுக்குத் தீவில் நமக்குக் குறையில்லை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் தோசையைத் 'தோசை' என்றே கேட்கலாம். வெள்ளைச் சோறும் கிடைக்கும். நாசி லெமாக்கில் தேங்காய்ப்பாலும் சம்பலும் அதிகம், ரொட்டி சானாயில் எண்ணெய் அதிகம். இரண்டையும் போட்டி முடியும்வரை தள்ளி வையுங்கள். புதன்கிழமையே ஒரு கடையை முடிவு செய்துகொண்டு கடைசிவரை அங்கேயே சாப்பிடுங்கள். நான் அப்படிப் பிடித்த கடையில் கல்லாவில் இருந்த பெரியவரிடம், "அண்ணே, சனிக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குத் தோசை கிடைக்குமா?" என்று கேட்டேன். "நம்ம கடைக்குக் கதவே கிடையாது தம்பி, எப்ப வேணா வாங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். உண்மையாகவே ஷட்டர் இல்லாத கடை.

## கடைசி இரண்டு நாள்: நிரப்புதல்

வியாழனும் வெள்ளியும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 கிராம் மாவுச்சத்து. 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளில் 560 கிராம். சோற்றை மட்டும் வைத்து எட்ட வேண்டுமானால் 2 கிலோ சோறு உண்ண வேண்டும், நடக்காது. அந்த அளவை ஒட்டி நான் பிரித்துக்கொள்ளும் விதம் இது, மொத்தம் 540 கிராம்:

- காலை: 6 இட்லி, 2 வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி (130 கிராம்)
- 11 மணி: ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி 4 துண்டு (90)
- மதியம்: 400 கிராம் சோறு, தெளிந்த ரசம், உருளைக்கிழங்கு (130)
- மாலை: அரை லிட்டர் பழச்சாறு, 6 பேரீச்சம்பழம் (90)
- இரவு 7-க்குள்: 350 கிராம் சோறு, கொஞ்சம் தயிர் (100)

இட்லி கிடைக்காத இடத்தில் ரொட்டியும் தேனும். கீரை, சுண்டல், பருப்பு நிறைந்த சாம்பார், பச்சைக் காய்கறி இந்த இரண்டு நாளும் வேண்டாம். நார்ச்சத்து குடலில் தங்கிவிட்டால் சனிக்கிழமை தொந்தரவு. எடை ஒன்று, ஒன்றரை கிலோ கூடும். சேமிக்கும் மாவுச்சத்தோடு தண்ணீரும் சேர்ந்து தங்குவதால் வரும் எடை அது. பயப்படாதீர்கள்.

வெள்ளிக்கிழமை சைக்கிளையும், நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் பிறகு ஓட்டத்துக்கும் மாறும் இடத்தில் எடுக்கும் மாற்றுமிடப் பைகளையும் ஒப்படைக்கும்போது, பையில் தின்பண்டத்தை வைக்காதீர்கள். ஒருமுறை பேரீச்சையைத் துணிப்பையில் போட்டு வைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்தால், காலுறைக்குள் வரை எறும்பு. இருட்டில் ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு நின்றேன். உணவையும் பாட்டிலையும் போட்டியன்று காலையில் கொண்டுபோய் வைக்க அனுமதி உண்டா என்று வீரர் கையேட்டில் பார்த்து, அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத இரட்டைப் பையில் கட்டுங்கள்.

## போட்டி நாள்

1. 4:30 – 120 கிராம் மாவுச்சத்து. தோசை என்றால் சட்னி இல்லாமல், சர்க்கரை தொட்டு. அல்லது ரொட்டி, ஜாம், வாழைப்பழம்.
2. நீச்சல் வரை – அரை லிட்டர் உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக.
3. நீச்சலுக்கு 10 நிமிடம் முன் – ஒரு ஜெல், இரண்டு வாய் தண்ணீர்.
4. சைக்கிளில் முதல் 15 நிமிடம் – வெறும் தண்ணீர் மட்டும். கடல்நீர் விழுங்கிய வயிறு அடங்கட்டும்.
5. அதன் பிறகு – கைக்கடிகாரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கட்டும். அடித்ததும் உண்ணுங்கள். பசிக்காகக் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

ஏழு பாட்டிலைச் சைக்கிளில் சுமக்க முடியாது. எனவே ஒரு பாட்டிலில் 210 கிராம் சர்க்கரையையும் 4 கிராம் உப்பையும் வெந்நீரில் கரைத்துப் பாகாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மார்க்கரால் மூன்று சம கோடு போடுங்கள், கோட்டுக்கு ஒரு மணி நேரம். மற்ற பாட்டிலில் வெறும் தண்ணீர், உதவி நிலையங்களில் மாற்றிக்கொண்டே போங்கள். இதே போன்ற இரண்டாவது பாகை, சைக்கிள் பாதையின் நடுவில் எடுத்துக்கொள்வதற்காக ஒப்படைக்கும் பாதிவழிப் பையில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 420 கிராம், வழியில் நாலு வாழைப்பழம் 100 கிராம். ஏழரை மணி நேரம் மிதிப்பவருக்கு இது மணிக்கு 70 கிராம்.

தவறு: பாகைக் குடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் போவது. கெட்டியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஒரு வாய் பாகுக்கு மூன்று வாய் தண்ணீர்.

லங்காவிப் பாதையில் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள் உண்டு. மூச்சு வாங்கும்போது மெல்ல வராது. ஏற்றத்தைக் கண்டதும் வாயை மூடி ஏறுங்கள், உச்சி தாண்டிச் சமதளம் வந்ததும் உண்ணுங்கள். சரிவில் ஒரு கையை விட்டுப் பழத்தை உரிக்க வேண்டாம். பிற்பகலில் மழை வந்தால் தார்ச்சாலை வழுக்கும்.

ஓட்டத்தில் குடல் குறைவாகத்தான் ஏற்கும். மணிக்கு 40 முதல் 50 கிராம் போதும். ஒவ்வொரு நிலையத்திலும் பத்தடி நடந்து, இரண்டு வாய் குடியுங்கள், ஐஸைத் தொப்பிக்குள் போடுங்கள். கோலாவைத் தொட்டால் கடைசிவரை விடாதீர்கள், நடுவில் நிறுத்தினால் சோர்வு விழும். குமட்டினால் 10 நிமிடம் நடங்கள், தண்ணீர் மட்டும் குடியுங்கள், பிறகு ஒரு துண்டு உப்புத் தொட்ட வாழைப்பழத்தில் மறுபடி தொடங்குங்கள்.

## உடனே நிற்க வேண்டிய அறிகுறிகள்

- மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகுவது, தலைவலி, குழப்பம், வாந்தி. தண்ணீர் அளவு மீறி ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். இன்னும் தண்ணீர் குடித்தால் உயிருக்கு ஆபத்து. மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.
- வெயிலில் குளிர் எடுப்பது, மயிர்க்கூச்செறிவது, தள்ளாடுவது, பேச்சு குழறுவது. வெப்பத்தாக்கு. கூட ஓடுபவரிடம் இது தெரிந்தால் அவரை உட்காரவைத்து ஐஸ் வையுங்கள், ஆள் அனுப்புங்கள், தனியே விட்டுப் போகாதீர்கள்.
- சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் வருவது. அன்றைய போட்டி அத்தோடு போதும்.

ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டிக்கு முன்போ நடுவிலோ போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். இதை நான் யாரிடமும் கெஞ்சிச் சொல்வேன்.

## கோட்டைத் தாண்டிய பிறகு

உடனே உட்காராதீர்கள், 10 நிமிடம் நடங்கள். ஈர உடையை மாற்றுங்கள், வெக்கை ஊரிலும் அந்த நேரம் நடுக்கம் வரும். முதல் மணி நேரத்தில் உப்புப் போட்ட ஏதாவது, கூடவே முட்டையோ பாலோ. இனிப்பைக் கண்டால் வெறுப்பாக இருக்கும், வற்புறுத்த வேண்டாம். அன்றிரவு சிறுநீர் கழிகிறதா என்று கவனியுங்கள்.

நான் சைக்கிளை அறையில் வைத்துவிட்டு, நள்ளிரவு தாண்டி அந்தக் கதவில்லாத கடைக்குப் போனேன். பெரியவர் கழுத்திலிருந்த பதக்கத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். மிளகும் உப்பும் தூக்கலாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். அதற்குப் பிறகுதான் தோசை இறங்கியது.